காணிக்கையும் காகிதமும்: ஒரு மருத்துவ ஆய்வுப் பட்டியலை வாசிப்பது எப்படி?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களுக்கு,

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வார்டுச் செய்திகளை எழுதுவோம். இம்முறை அவற்றைச் சற்று ஒதுக்கிவைத்து, உங்களில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறோம்.

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் பூசணிக்காயும் சேவலும் முதற்கதிர் நெல்லும் ஏலம் போய்க்கொண்டிருந்த வேளை. பொறையாரிலிருந்து வந்திருந்த வயதான அம்மா ஒருவர் தம் காணிக்கைக் கவரை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, டாக்டர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர்’ என்று பெருமையாகப் போடுகிறீர்கள். நான் கொடுக்கிறது வியாதிக்காரருக்கு மருந்து வாங்க. காகிதத்தில் எழுதினால் யாருக்குக் காய்ச்சல் இறங்கும்?"

கேள்வி நியாயமானது. தவறு எங்களுடையது. கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பதக்கம்போல அச்சிடுகிறோமே தவிர, அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் உங்களுக்கு விளக்கியதே இல்லை. ஆகவே ரத்த வியாதிகளையும் எச்.ஐ.வி. வியாதியையும் பற்றித் தமிழ்நாட்டு மருத்துவர்கள் எழுதிய சில கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவை யாருக்கு என்ன செய்தன என்று பார்ப்போம்.

இந்த ஊருக்குப் பழகிய வேலை

முதலில் ஒரு பழைய செய்தி. கொடுத்தவர்களுக்கு அச்சில் கணக்கு ஒப்புவிப்பது நம் தரங்கம்பாடிக்குப் புதிதல்ல. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். அவர்களும் பின்வந்தவர்களும் எழுதியனுப்பிய கடிதங்கள் 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிடப்பட்டு, ஊழியத்தைத் தாங்கியவர்கள் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் இந்த மடலுக்கு அவற்றை மூதாதை என்று சொல்லலாம்.

மருத்துவமும் அந்த எழுத்தில் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. சீகன்பால்குவின் உடன் ஊழியரான குருண்ட்லர் 1711-இல் தமிழ் மருத்துவ முறைகளைக் கேட்டறிந்து ஜெர்மன் மொழியில் ஒரு நூலாக எழுதினார். 1768-இல் மிஷன் மருத்துவராக வந்த கோனிக், புகழ்பெற்ற தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்தவர். இப்பகுதிச் செடிகொடிகளை முறையாகச் சேகரித்து விவரித்தார். அவர்கள் கண்டதை எழுதினார்கள். எழுதியதைப் பிறர் சோதித்துப் பார்க்கும்படி அனுப்பினார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையின் வேலையும் அதுதான்.

பட்டியலில் ஒரு வரி எப்படி ஏறுகிறது?

ஒரு மருத்துவர் தம் நோயாளிகளிடத்தில் ஏதோ ஒன்றைக் காண்கிறார். தாம் கண்டது மெய்தானா என்று எண்ணிப் பார்க்கிறார். எத்தனை பேரைப் பார்த்தேன், எந்தச் சோதனை செய்தேன், எத்தனை பேர் சுகமானார்கள், எத்தனை பேர் சுகமாகவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் அதை அதே துறையில் தேர்ந்த வேறு மருத்துவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். அவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரை வெளியிடாமல் குறைகளைச் சுட்டிக்காட்டுவார்கள். திருத்தி எழுதச் சொல்வார்கள். பல சமயம் திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். இந்தச் சல்லடையைத் தாண்டினால்தான் அச்சேறும்.

அச்சேறியதெல்லாம் வேதவாக்கு அல்ல. பின்னால் வரும் ஆய்வு முன்னதைத் தவறு என்று காட்டுவதும் உண்டு. ஆனால் எண்ணிக்கையோடு எழுதிவைத்தால்தான் தவறையாவது காட்ட முடியும். "என் கைராசி" என்று சொல்லிக்கொள்ளும் வைத்தியத்தில் அதற்கும் வழியில்லை.

எங்களைப் போன்ற சிறிய ஆஸ்பத்திரிகளில் பெரிய ஆராய்ச்சி நடப்பதில்லை. பிறர் எழுதிவைத்ததை வாசித்து, அதன்படி வைத்தியம் செய்கிறவர்கள் நாங்கள். ஆகவே பட்டியலைப் பார்க்க வேலூருக்குப் போவோம். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவ ஊழியம், இன்று பல சபைகளின் கூட்டுறவில் நடக்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. சி.எம்.சி. என்றால் டெல்டாவிலும் தெரியாதவர் இல்லை. இங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் ராத்திரி வண்டியேறிக் காட்பாடியில் இறங்கியிருக்கின்றன.

முதல் வரி: 1987, நான்கு பக்கங்கள்

1981 ஜூனில் அமெரிக்காவில் எய்ட்ஸ் வியாதி முதன்முதலாக அச்சில் விவரிக்கப்பட்டது. 1983-இல் பாரிஸில் அதற்குக் காரணமான கிருமி கண்டறியப்பட்டது. 1985-இல் ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்தது. நம் நாட்டிலோ, "இது வெளிநாட்டார் வியாதி, நம் ஒழுக்கத்துக்கு இங்கே வராது" என்றே படித்தவர்களும் பேசினார்கள்.

அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். தம்மிடம் மேற்படிப்புப் படித்த டாக்டர் நிர்மலாவிடம், இந்தக் கிருமி தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று தேடிப்பார்க்கும்படி சொன்னார். நிர்மலாவுக்குத் தயக்கம். அவருடைய கணவர் தைரியம் சொல்லி, காப்பகத்துக்குத் தம் ஸ்கூட்டரிலேயே கொண்டுபோய் விட்டார். பாலியல் தொழிலில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து நிர்மலா மாதக்கணக்கில் ரத்த மாதிரிகள் எடுத்தார். முறையான சேமிப்பு வசதி இல்லாததால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார்.

சோதனை செய்யும் வசதி சென்னையில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, வேலூரில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வுத் துறையை நடத்திவந்த டாக்டர் ஜேக்கப் ஜான், தம் சகாக்களான ஜார்ஜ் பாபுவையும் எரிக் சைமோஸையும் அவருக்கு உதவியாகத் தந்தார். காலையில் சோதனை தொடங்கியது. நடுவில் மின்சாரம் நின்றுபோக, எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறியிருந்தன. கிருமி இருக்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம்.

அவர்கள் உடனே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடவில்லை. அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அது அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, வேறொரு முறையில் சோதிக்கப்பட்டு உறுதியானது. மே மாதத்தில் அந்நாள் சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே தமிழ்நாடு சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நம்பாதவர்கள் இருந்தார்கள், சோதனையே தவறு என்றவர்களும் இருந்தார்கள்.

அவர்களுக்குப் பதிலாக நின்றது 1987-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை. நான்கே பக்கங்கள். சைமோஸ், பாபு, ஜான், நிர்மலா, சாலமன், லட்சுமிநாராயணா, அமெரிக்காவின் குயின் என ஏழு பெயர்கள். தலைப்பில் கிருமியின் பழைய பெயரான எச்.டி.எல்.வி.-3 என்பதே இருக்கிறது, எச்.ஐ.வி. என்ற பெயர் 1986-இல்தான் சூட்டப்பட்டது.

அந்த நான்கு பக்கங்கள் ஒருவருக்கும் மருந்து கொடுக்கவில்லை. ஆனால் வியாதி நம் வாசலுக்குள் வந்துவிட்டது என்பதை அதன்பின் மறைக்க முடியவில்லை. அடுத்த கேள்வி தானாக எழுந்தது: ஆஸ்பத்திரிகளில் ஏற்றப்படும் ரத்தம் சுத்தமானதா? அந்நாட்களில் காசுக்கு ரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் எல்லா நகரங்களிலும் இருந்தார்கள். பசியினால் வந்தவர் தம் வியாதியைச் சொல்லமாட்டார். 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விற்பனைக்கு முடிவுகட்டத் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. இன்று உரிமம் பெற்ற ரத்த வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்டே வருகிறது.

பட்டியலில் இல்லாத பெயர்கள்

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையில் மருத்துவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ரத்தம் கொடுத்த பெண்களின் பெயர்கள் இல்லை. இருக்கவும் கூடாது, அது அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. டாக்டர் நிர்மலாவே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார். எய்ட்ஸ் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம் அது.

இன்று அப்படிச் செய்ய முடியாது. ஆய்வில் சேர்கிறவருக்கு அவருடைய மொழியில் விளக்கி, வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு என்று தெரிவித்து, சம்மதம் பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000-இலும் பின்னர் 2017-இலும் இதற்கு நெறிமுறைகள் வெளியிட்டது. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதும், வேலையிலோ பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ அவரை ஒதுக்குவதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

நம் ஆலயத்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவருக்கும் எச்.ஐ.வி. இருக்கலாம். அதை அவராகச் சொன்னாலன்றி நாம் அறிய வேண்டியதில்லை. ஒரு காப்பகத்தில் ஆறு பெண்கள் தங்களை அறியாமல் கொடுத்த ரத்தத்தினால் நாம் எல்லோரும் பாதுகாப்பு அடைந்திருக்கிறோம் என்பதை மட்டும் மறக்காதிருப்போம்.

இரண்டாம் வரி: எச்.ஐ.வி.யும் ரத்த சோகையும்

டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். அவரும் டாக்டர் குமாரசாமியும் உடன் பணியாற்றியவர்களும் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் வருஷக்கணக்கில் எழுதிவைத்தார்கள். அதிலிருந்து பிறந்த கட்டுரைகளில் ஒன்று 2003-இல் வெளிவந்தது. தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகமாகத் தாக்கும் துணை வியாதி நுரையீரல் காசநோய் என்று அது எண்ணிக்கையோடு காட்டியது. மேல்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வைத்தியம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, நம் ஊரில் முதலில் எதைத் தேட வேண்டும் என்று அது சொன்னது.

2005-இல் வந்த கட்டுரை நம்பிக்கை தருவது. நம் நாட்டிலேயே குறைந்த விலையில் தயாரான கூட்டு மருந்துகள் வந்தபின், அந்த நிலையத்தில் மரண விகிதம் 1997-இல் நூற்றுக்கு 25 என்றிருந்தது 2003-இல் 5 ஆகக் குறைந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இந்த மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அரசு ஆஸ்பத்திரியும் முதல் மையங்களில் ஒன்று. இப்படிப்பட்ட கணக்குகள் கையில் இருந்ததால்தான், "ஏழை நாட்டில் இந்த மருந்து பலிக்காது" என்றவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது. டாக்டர் சுனிதி 2015-இல் காலமானார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்த இடத்தில் ரத்த மருத்துவமும் எச்.ஐ.வி. மருத்துவமும் சந்திக்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவருக்கு ரத்த சோகை வர நாலு வழி உண்டு. கிருமியே எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உற்பத்தியாவதைக் குறைக்கும். காசநோய் குறைக்கும். பசியின்மையால் இரும்புச் சத்தும் வைட்டமின்களும் குறையும். நாலாவது, மருந்தே குறைக்கலாம். நம் நாட்டில் பல ஆண்டுகள் அதிகமாகக் கொடுக்கப்பட்ட ஜிடோவுடின் என்ற மாத்திரை, சிலருக்கு மஜ்ஜையை அடக்கிக் கடுமையான ரத்த சோகையை உண்டாக்கும். சென்னை மருத்துவர்கள் 2006-இல், நோயாளிகளுக்கு மருந்தை ஏன் மாற்ற வேண்டியதாயிற்று என்று எழுதிய கட்டுரையிலும் ரத்த சோகை ஒரு காரணமாக இடம்பெற்றது.

நம் டெல்டாவில் இது என்ன அர்த்தம்? 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்த சோகை உள்ளவர்கள். செருப்பில்லாமல் சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணுக்குக் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொள்கிறது. ஆரோக்கியமான பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். இவர்களில் பலர் எட்டிலும் ஒன்பதிலும் வேலைக்குப் போகிறார்கள். "களைப்பாயிருக்கு" என்றுகூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஒரு சகோதரிக்குப் புருஷன் வழியாக எச்.ஐ.வி. வந்து, ஹீமோகுளோபினைப் பார்க்காமலே ஜிடோவுடின் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உயிரைக் காக்கக் கொடுத்த மாத்திரையே அவளை ரத்தம் ஏற்றும் கட்டிலுக்குக் கொண்டுவந்திருக்கும்.

அதனால்தான் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், குறைவானவருக்கு வேறு மருந்து தர வேண்டும், தொடங்கியபின்னும் சில வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. இன்று அந்த மருந்தை முதலில் கொடுப்பதில்லை. ரத்த சோகைப் பயம் குறைந்த வேறு கூட்டு மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்றாகக் கொடுக்கப்படுகிறது. ஆனாலும் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் பழக்கம் நிற்கவில்லை. அந்தச் சொட்டுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் அனுபவம், யாரோ எழுதிவைத்ததினால், நிற்கிறது.

மூன்றாம் வரி: 72 பேர், ஒரு மலிவான மருந்து

சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயை நீங்கள் அறிவீர்கள். வைத்தியர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் அவளுக்குக் குணமில்லை. ரத்த வியாதியும் கடனும் சேர்ந்தே வருவது அன்றைக்கு மட்டும் அல்ல.

ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. ரத்தம் உறையும் தன்மை கெட்டு, சில நாட்களிலேயே மூளையிலோ நுரையீரலிலோ ரத்தக் கசிவு ஏற்பட்டு ஆள் இறந்துபோவார். மேல்நாடுகளில் இதற்கு நல்ல சிகிச்சை வந்திருந்தது. நம்மவர்கள் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. சீனாவில் ஆர்சனிக் கலந்த மருந்தினால் இந்த வியாதி குணமாவதாகச் செய்தி வந்தது. ஆர்சனிக் என்றால் விஷப் பாஷாணம். வேலூர் ரத்தவியல் துறையினர் அதை அளவோடு, கவனத்தோடு, அதை மட்டுமே கொடுத்துப் பார்த்தார்கள்.

டாக்டர் விக்ரம் மாத்யூஸும் சகாக்களும் 2006-இல் ‘பிளட்’ என்ற சர்வதேச இதழில் முடிவை எழுதினார்கள். 1998 முதல் 2004 வரை 72 பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 62 பேருக்கு வியாதி முழுதும் அடங்கியது. 10 பேருக்கு அடங்கவில்லை, அதையும் எழுதினார்கள். மூன்று ஆண்டு முடிவில் நூற்றுக்கு 86 பேர் உயிரோடிருப்பர் என்று கணக்குக் காட்டியது. விளம்பரமாக இருந்தால் 62-ஐ மட்டும் சொல்லியிருக்கும். அந்தப் பத்துப் பேரையும் சேர்த்துச் சொன்னதால்தான் தூர தேசத்து மருத்துவர்களும் நம்பினார்கள்.

இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் டாக்டர் மாமன் சாண்டி. 1986-இல் வேலூரில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அவர் தலைமையில் நடந்தது. நிர்மலா ஐஸ் பெட்டியோடு வந்த அதே வருஷம் அது.

நான்காம் வரி: பகையாளி சுமைகூலியான கதை

ரத்தம் உறையாத ஹீமோபிலியா வியாதியில், ‘ஃபாக்டர் எட்டு’ என்ற புரதம் பிறவியிலேயே குறைந்திருக்கும். தாய் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும். முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து, பையன் நடக்க முடியாமல் போவான். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து ஊசியாகக் கொடுக்கும் வழி வந்தது. 1980-களில் அந்த ஊசி வழியாகவே எச்.ஐ.வி. பரவியது. அமெரிக்காவில் ஹீமோபிலியா உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அப்படித் தொற்றுக்கு ஆளானார்கள். பிழைக்கக் கொடுத்ததே மரணமாய் முடிந்தது.

இனி 2024 டிசம்பருக்கு வாருங்கள். வேலூர் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரும் எழுதிய ஒரு கட்டுரை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐந்து பேரின் சொந்த மூல அணுக்களை எடுத்து, அவற்றுக்குள் ஃபாக்டர் எட்டை உண்டாக்கும் மரபணுவைச் சேர்த்து, திரும்ப உடலுக்குள் செலுத்தினார்கள். ஐந்து பேரையும் கண்காணித்த காலம் மொத்தம் 81 மாதங்கள். அத்தனை மாதங்களிலும் ஒருவருக்கும் ரத்தக் கசிவு ஏற்படவில்லை.

அந்த மரபணுவை அணுக்குள் சுமந்துபோனது எது தெரியுமா? நோய் உண்டாக்கும் தன்மை நீக்கப்பட்ட லென்டிவைரஸ். எச்.ஐ.வி. சேர்ந்திருக்கும் குடும்பம் அது. அணுவுக்குள் நுழையத் தெரிந்த அந்தக் குடும்பத்தின் திறமையை மட்டும் வைத்துக்கொண்டு, விஷத்தை எடுத்துவிட்டார்கள். எந்தக் குடும்பத்துக் கிருமி ஹீமோபிலியாப் பிள்ளைகளைக் கொன்றதோ, அதே குடும்பத்துக் கூடு இப்போது அவர்களுக்கு வேண்டியதைச் சுமந்துசெல்கிறது. முப்பது நாற்பது வருஷம் அந்தக் கிருமியைப் படித்து எழுதிவைத்தவர்கள் இல்லாவிட்டால் இது கூடாத காரியம்.

அவசரப்பட்டு நம்பிக்கை கொடுக்கவும் கூடாது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சிகிச்சைக்கு முன் கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையை ஆயத்தப்படுத்த வேண்டும். இன்னும் பல வருஷம் கவனிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஹீமோபிலியா இருந்தால், நாளைக்கே இது கிடைக்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். முறையான ஃபாக்டர் சிகிச்சையை விடாமல் தொடருங்கள்.

பொறையார் அம்மாவுக்குப் பதில்

அம்மா, காகிதத்தினால் காய்ச்சல் இறங்காது. நீங்கள் கொடுத்தது மருந்துக்கே போகிறது. ஆனால் எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுக்கக் கூடாது என்பதை நாங்கள் அந்தக் காகிதங்களிலிருந்துதான் கற்றுக்கொள்கிறோம். ஆகவே இனி ஒரு மருத்துவரைப் பற்றி "இத்தனை கட்டுரைகள்" என்று மட்டும் எழுதமாட்டோம். அதில் எது எந்த வியாதியஸ்தருக்கு உதவியது என்றும் எழுதுவோம். எண்ணிக்கை பெரிதாயிருந்து, ஒரு நோயாளியின் வைத்தியத்தையும் அது மாற்றவில்லை என்றால், அதில் மேன்மைபாராட்ட ஒன்றுமில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. எவ்வளவு நல்ல சோதனையானாலும், தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் கிருமி கண்ணில் படாமல் தப்பலாம். ஆகவே பாதுகாப்பான ரத்தம் என்பது, கட்டாயமோ கூலியோ இல்லாமல், தன் உடல்நிலையை மறைக்காமல், திரும்பத் திரும்ப வந்து கொடுக்கிறவரின் ரத்தம். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும், 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ளவர் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். எடுப்பது 350 மில்லி. பிரசவத்தில் ரத்தம் போன தாய்க்கும், விபத்தில் அடிபட்டவருக்கும், மஜ்ஜை வற்றிப்போனவருக்கும் அது ஆகும்.

உங்கள் சபையில் வாலிபர் கூட்டமோ பெண்கள் சங்கமோ ஒரு ரத்த தான முகாம் நடத்த விரும்பினால் போதகர் ஐயர் மூலமாக எங்களுக்கு எழுதுங்கள். உரிமம் பெற்ற ரத்த வங்கியை நாங்கள் ஏற்பாடு செய்து தருவோம். கொடுக்க வருகிறவருக்கு ரத்தம் குறைவாயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அவருக்கும் அது நன்மை.

உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ள:

1. எச்.ஐ.வி.யோடு வாழும் நம் தேசத்தார் ஏறக்குறைய 25 லட்சம் பேர் மாத்திரையை விடாமல் சாப்பிடவும், சபைகளில் வெட்கமின்றி வந்து உட்காரவும்.

2. நடவு வயலில் ரத்த சோகையோடு உழைக்கும் நம் டெல்டாச் சகோதரிகளுக்காக.

3. ஹீமோபிலியா உள்ள பிள்ளைகளுக்காகவும், அவர்களைத் தூக்கிக்கொண்டு அலையும் தாய்மாருக்காகவும்.

4. பரிசோதனைக்கூடங்களில் யாரும் காணாமல் உட்கார்ந்து, கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறவர்களுக்காக.

அந்த அம்மா கொடுத்த கவரைத் திறந்து கணக்கில் ஏற்றியாயிற்று. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார், போடவில்லை. அவர் கேட்ட கேள்விக்காகவும் அவருக்கு நன்றி சொல்கிறோம். உங்களுக்கும் ஏதேனும் கேட்கத் தோன்றினால் எழுதுங்கள். அடுத்த மடலில் பதில் எழுதுவோம்.

உங்கள் ஜெபத்தாலும் அன்பாலும் தாங்கப்படும்,
தரங்கம்பாடி மருத்துவ ஊழியக் குடும்பத்தார்